படிச்சுட்டுச் சொல்றேன்

என் தங்கச்சி புருஷனும் நானும் சிநேகிதர்கள் ஆனது ஒரு மிஸ்ஃபயரால். வெடிக்காமல் பாறைக்குள்ளேயே தங்கிவிட்ட மருந்துக்குச் சுரங்கத்தில் அந்தப் பெயர். நான் வெளியே வருகிற ஷிஃப்ட், அவன் உள்ளே வருகிற ஷிஃப்ட். எந்தத் துளையில் மருந்து வெடிக்காமல் கிடக்கிறது, தலைக்கு மேலே எந்தக் கல் ஆடுகிறது என்பதையெல்லாம் போகிறவன் வருகிறவனிடம் நேருக்கு நேர் நின்று சொல்லவேண்டும். மேலே ஆபீஸில் ரிப்போர்ட்டும் எழுதுவோம். ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி டிரில்லை வைக்கிற பைத்தியக்காரன் எங்கள் பாலகாட் தங்கச் சுரங்கத்தில் ஒருத்தனும் கிடையாது. சொல்லி முடித்ததும் நான் “சொல்லிட்டேன்” என்பேன். அவன் “வாங்கிட்டேன்” என்பான். அந்த வார்த்தை காதில் விழாமல் நான் மேலே தூக்கிப்போகிற கேஜில் ஏறியதில்லை.

ஒரு நாள் அவன் தாமதமாக வந்தான். கேஜுக்கு மணி அடித்துவிட்டார்கள், கூட இருந்தவர்கள் என்னைத் திட்டோ திட்டென்று திட்டினார்கள். நான் அசையவில்லை. அவன் வந்ததும் மருந்து வெடிக்காமல் கிடந்த ஓரத்துத் துளையைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நன்றி சொல்ல மைசூர்பாக்கோடு எங்கள் லைன் வீட்டுக்கு வந்தான். பொட்டலத்தைத் தங்கச்சி வாங்கினாள். அதோடு முடிந்திருக்கவேண்டிய விஷயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். இப்போது எந்த மிஸ்ஃபயருக்கு என்று கேட்டேன், தலையைச் சொறிந்தான். எங்கள் மாதா கோயிலில்தான் கல்யாணம். அன்றிலிருந்து அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மச்சான்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். சங்குச் சத்தத்தை வைத்தே உலை வைத்துக்கொண்டிருந்த ஊர், நேரம் தெரியாமல் திண்டாடியது. மாப்ளைக்கு நெஞ்சில் தூசி. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துத் தெருவில் சபை நடத்துகிற பாஸ்டர் தினமும் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்தார். எங்கள் கோயிலிலிருந்து யாரும் போகவில்லை. நான் போனேனே என்றால், “நீ மச்சானா வந்த, கோயிலா வரல” என்றான்.

உடம்பு தேறியதும் சபையில் சேர்ந்து, பேத்தமங்கலம் ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். ஈரத்துணியோடு வந்து நின்றவனைத் தங்கச்சி மேலும் கீழும் பார்த்தாள்.

“கைக்கொழந்தையா இருக்கும்போதே உங்களுக்குத் தண்ணி ஊத்திக்கீது. இன்னொரு தடவ குளிக்கறதுக்கு அம்மாந்தூரம் போவணுமா? வூட்டுக் கொழாயில தண்ணி வந்துக்கினுதானே கீது?”

சண்டை அவ்வளவுதான். அவள் கோயிலுக்குப் போனாள், அவன் சபைக்குப் போனான். ஒரு சுவரில் மாதா படமும் சீரியல் விளக்கும், எதிர்ச் சுவரில் சபை கொடுத்த வசனக் காலண்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு இரண்டு பேருக்கும் பொது.

மாப்ளையும் நானும் பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போக ஆரம்பித்தோம். விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். அலுப்புதான். ஆனாலும் அந்தப் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. ஒரு மூலையில் சீட்டாட்டம், ஒரு மூலையில் பஜனை, நடுவில் யாரோ ஒருத்தர் எல்லோருக்கும் டப்பா இட்லியைப் பங்கு வைப்பார். ஜன்னல் பக்கம் நாங்கள் இருவரும் எதிரெதிரே.

அந்த வருஷம் சபையில் பாஸ்டர் ஒரு பிரசங்கம் செய்தாராம்: இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களுக்கு அடுத்து வந்த முதல் கிறிஸ்தவர்கள் இன்றைக்கு எழுந்து வந்து கத்தோலிக்கக் கோயிலைப் பார்த்தால் தலைதெறிக்க ஓடுவார்கள் என்று. அதே மாதம் எங்கள் கோயிலில் தியானம் கொடுக்க வந்த ஃபாதர், அவர்கள் நேரே உள்ளே வந்து நம் பக்கத்தில் முழங்கால் போடுவார்கள் என்றார். நான் இதை மாப்ளையிடம் சொல்லி மார்தட்டிக்கொண்டேன்.

“அவரும் சொல்றாரு, இவரும் சொல்றாரு” என்றான். “அந்த ஆளுங்க எழுதி வெச்சிட்டுத்தானே போயிக்கிறாங்க? படிச்சுப் பாத்துட்டா போச்சு.”

அவன் அப்படித்தான். சுரங்கத்திலும் மேல்பாறையைக் கம்பியால் தட்டிச் சத்தத்தைக் கேட்காமல் கீழே நிற்கமாட்டான். அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் அந்தக் காலத்து எழுத்துகளின் இங்கிலீஷ் தொகுப்பு ஒன்றை வாங்கி வந்தான், செங்கல் கனம். தெரியாத வார்த்தையைப் போனில் தட்டிப் பார்த்துப் பார்த்து, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கால் பக்கம் நகர்ந்தான்.

முதலில் எனக்குத்தான் யோகம். சிங்கத்துக்கு இரையாகக் கொண்டுபோகப்பட்ட ஓர் ஆயர், அதாவது பிஷப், போகிற வழியெல்லாம் சபைகளுக்கு எழுதினாராம். ஆயரை விட்டு விலகாதீர்கள், அவரில்லாமல் எதையும் செய்யாதீர்கள் என்று. மாப்ள உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டினான். நான் பங்காரப்பேட்டையில் பெட்டிக்கே வடை வாங்கிக் கொடுத்தேன்.

“ரொம்பத் துள்ளாத மச்சான். ஆயருன்னுதான் சொல்றாரு. போப்புன்னு எங்க சொன்னாரு?” என்று வடையைத் தின்றுகொண்டே கேட்டான்.

கொஞ்ச நாள் கழித்து அவன் துள்ளினான். வட ஆப்பிரிக்காவில் ஓர் ஆயர் ரோமாபுரி ஆயரோடு நேருக்கு நேர் மோதியிருக்கிறாராம். “பாத்தியா? போப்பு சொன்னா எல்லாரும் கைகட்டி நின்னாங்கன்னியே!”

“சண்டை எதுக்கு?”

அதைச் சொல்ல அவனுக்கு நாக்குத் தடுமாறியது. சண்டை ஞானஸ்நானத்துக்கு. பிரிந்துபோன கூட்டத்தில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லவே செல்லாது என்றார் ஆப்பிரிக்கா ஆயர். ஒரு தடவை ஊற்றிய தண்ணீர் போதும், மறுபடி ஊற்றாதே என்றார் ரோமாபுரி ஆயர். நான் பெட்டி அதிரச் சிரித்தேன். அவனும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான்.

“ரோமாபுரி சொல்றபடி பாத்தா ஏரிக்கே போயிருக்க வேணாம். ஆப்பிரிக்கா சொல்றபடி பாத்தா ஏரியில நடந்தது வெறும் குளியல். ரெண்டு பக்கமும் நாந்தான் மாட்டினேன்!”

“ரெண்டு பேரும் எங்க காலண்டர்ல புனிதருங்க மாப்ள. சண்டை போட்டவங்களையும் வெச்சிக்கினுதான் கீறோம்.”

எங்கள் பெட்டியில் ஒரு பௌத்தக் குடும்பத்துக்காரர் வருவார், ரிடையர்டு ஃபிட்டர். “இன்னாப்பா நீங்க, எப்பப் பாரு ஆரம்பத்து ஆளு வந்து பாத்தா, வந்து பாத்தான்னு! நம்ம தாத்தனுங்க எழுந்து வந்து இந்த ஊரப் பாத்தா அவங்களே அட்ரஸ் கேப்பாங்க” என்பார். வெளியே, தங்கம் எடுத்த கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேடுகள் இருட்டில் கரேலென்று போய்க்கொண்டிருக்கும்.

ஒரு நாள் எனக்கு ஆத்திரம் வந்து, “நாம ஷிஃப்ட் மாத்தறப்போ இன்னா பண்ணோம்? புத்தகத்த நம்பியா வேலை செஞ்சோம்? ஆளு நின்னு ஆளுகிட்ட சொன்னான். அப்போஸ்தலரு ஆயருகிட்ட, அவரு அடுத்தவருகிட்ட. அதாண்டா எங்க கோயிலு” என்றேன்.

அவன் புத்தகத்தை மூடினான். “சரி. இல்லாத மிஸ்ஃபயர ஒரு நாளாவது நீ என்கிட்ட சொன்னியா?”

“எதுக்குச் சொல்றேன்?”

“உங்க ரோமாபுரி சேத்துக்கினே போவுதே மச்சான். மாதா ஒடம்போட மோட்சம் போனாங்கன்னு நான் படிச்ச வரைக்கும் இந்த மொத ஆளுங்க ஒருத்தரும் சொல்லல.”

“பல ஷிஃப்ட் போன பின்னாடிதான் ஒரு கல்லு ஆடறது கண்ணுக்குத் தெரியும். அதுக்காக அன்னிக்கிதான் அது ஆட ஆரம்பிச்சுதுன்னு அர்த்தமா?”

அவன் யோசித்தான். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் யோசித்தான்.

இதெல்லாம் விளையாட்டாக இருந்தது தங்கச்சி படுக்கும்வரைதான். சிறுநீரகம் போய்விட்டது. கோலார் ஜில்லா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கூட்டிப்போவது, காத்திருப்பது, கூட்டிவருவது எல்லாம் மாப்ளதான். அதற்காக வேலையையே விட்டான். ஒரு மத்தியானம் நானும் போயிருந்தேன். டயாலிசிஸ் முடிந்து வராந்தா பெஞ்சில் சாய்ந்திருந்தவள், டீயை ஆற்றிக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்.

“நான் போன பின்னாடி எனக்காக ஜெபம் பண்ணுவீங்களா?”

அவன் கை நின்றது. செத்தவர்களுக்காக ஜெபிப்பது அவன் சபையில் கிடையாது. மோட்சமா இல்லையா என்பது உயிரோடு இருக்கும்போதே முடிவாகிவிடும் என்பது அவன் நம்பிக்கை.

“ஆண்டவர்கிட்ட போயிட்டவளுக்கு என் ஜெபம் எதுக்கும்மா?”

“போய்ச் சேந்துட்டேனா, வழியில நிக்கறேனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் பூசை வெப்பாரு, அது தெரியும். நீங்க ஜெபம் பண்ணுவீங்களான்னுதான் கேக்கறேன்.”

டீயை அவள் கையில் கொடுத்தான். பிறகு, “படிச்சுட்டுச் சொல்றேன்” என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! அவனை வெளியே இழுத்துப்போய், “சாவப்போறவ கேக்கறா. பண்றேன்னு ஒரு வார்த்த சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்? பொய்யாவது சொல்லேண்டா” என்று கத்தினேன். திரும்பி வந்தபோது தங்கச்சி சிரித்தாள்.

“வேணாண்ணா. அவரு பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும். படிக்கட்டும்.”

அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் “முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள். “இன்னும் கீது” என்பான். செங்கல் கனப் புத்தகம், ஆஸ்பத்திரி அலைச்சல், அவனுடைய இங்கிலீஷ். முடிக்கவில்லை. அவள் முடிந்துபோனாள். கடைசி நாளில் ஃபாதரை அழைத்துவந்ததே மாப்ளதான். அவர் அவளுக்கு எண்ணெய் பூசும்போது இவன் வாசலில் நின்றான். அடக்கப் பூசைக்கும் உள்ளே வரவில்லை. கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்போடு நின்றான். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினேன். அவன் திரும்பவும் வேலைக்கு வர ஆரம்பித்தான் என்று தெரிந்ததும் பெட்டியை மாற்றிக்கொண்டேன். புதுப் பெட்டியில் யாரும் எனக்கு இட்லி கொடுக்கவில்லை, அதுவும் அவன் தப்பு என்றே பல்லைக் கடித்தேன்.

கல்லறைத் திருநாளுக்குச் சில நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, சுண்ணாம்பு வாளியோடு தங்கச்சி கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போனேன். பாதி அடித்திருப்பேன். மாப்ள வந்தான். கையில் அந்தப் புத்தகம், விரல் ஒரு பக்கத்துக்குள்.

“மச்சான், நீ ஜெயிச்சிட்டேன்னு நெனைக்காத. உங்க போப்பு இன்னிக்கி கீற மாதிரி எனக்கு இதுல கெடைக்கல. கெடைக்கலன்னா கெடைக்கலதான்.”

நான் திரும்பிப் பார்க்காமல் சுண்ணாம்பு அடித்தேன்.

“ஆனா இது கெடைச்சுது.” புத்தகத்தை விரித்தான். “ஆப்பிரிக்காக்காரரு, அந்தச் சண்டைக்கார ஆயருக்கும் முன்னாடி இருந்தவரு. புருஷன் செத்துட்டா பொண்டாட்டி அவன் ஆத்துமாவுக்காக ஜெபம் பண்றா, வருஷா வருஷம் அவன் செத்த நாள்ல காணிக்கை வெக்கறான்னு எழுதிக்கிறாரு. புதுசா சொல்ற மாதிரி இல்ல மச்சான். எல்லாரும் பண்றதுதானேங்கற மாதிரி சொல்லிட்டுப் போறாரு. அப்பவே பண்ணிக்கிறாங்க.”

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். மாப்ள மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சுரங்கத்தில் எத்தனையோ பேரைத் தூக்கி வந்திருக்கிறான், அழுது நான் பார்த்ததில்லை. இப்போது குழந்தை மாதிரி அழுதான்.

“எத்தினி தடவ கேட்டா! இன்னும் கொஞ்சம் வேகமாப் படிச்சிருந்தா அவளுக்குச் சொல்லியிருப்பேனே. லேட்டாயிடுச்சு மச்சான்.”

“மடையா” என்றேன். “செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணலாம்னு படிச்சுட்டு வந்து, என்கிட்டயே லேட்டுன்றியா? அதுக்கு ஏதுடா லேட்டு? ஏந்திரு. அவ கேட்டதச் செய்.”

அவன் எழுந்தான். செருப்பைக் கழற்றினான். எங்கள் ஜெபம் எதுவும் அவன் சொல்லவில்லை. சபையில் செய்கிற மாதிரி கண்ணை மூடி, கையை உயர்த்தி, ஸ்தோத்திரம் சொல்லி, உரக்க, தன் சொந்த வார்த்தையில் அவளுக்காகக் கேட்டான். அவளுக்கு வலி இருக்கக்கூடாது என்று கேட்டான். வழியில் நிற்கிறாள் என்றால் சீக்கிரம் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டான். பக்கத்துக் கல்லறைகளில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையில் இருந்த துண்டை எடுத்துவிட்டு நின்றேன்.

முடித்ததும் பழக்கதோஷத்தில், “சொல்லிட்டேன்” என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கவேண்டும். ஈரச் சுண்ணாம்புக் கல்லறையையே பார்த்துக்கொண்டு நின்றான். பதில் வராமல் நகரக்கூடாது என்று பழகிய கால்கள்.

நான் போய் அவன் தோளைப் பிடித்தேன்.

“வாங்கிட்டா மாப்ள. வா, வூட்டுக்குப் போலாம்.”