களத்துமேட்டுக் காற்றும் காந்தக் காத்தாடியும்

காலை 6.10. மாட்டுத்தாவணியிலிருந்து அருப்புக்கோட்டை பஸ் கிளம்பியது. டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்ததில் ஒரு சின்ன சந்தோஷம். மடியில் மஞ்சள் பை. அதற்குள் வோல்ட், ஆம்பியர் பார்க்கிற மீட்டர், காற்றின் வேகத்தை அளக்கும் கையடக்கக் கருவி, இட்லிப் பொட்டலம். மதுரையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் நான். ஊர் சுற்றிப் பார்க்கவெல்லாம் கிளம்பவில்லை. போனில் நான் வாய்க்கு வந்தபடி கொடுத்த ஒரு யோசனை சரியா தப்பா என்று பார்த்துவரப் போகிறேன். தப்பாகத்தான் இருக்கும் என்று முந்தின நாளிலிருந்தே தோன்றிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். என் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்த அருள்ராஜ், கல்யாணம் முடிந்ததும் மனைவி செல்வராணியின் ஊருக்கே போய்விட்டான். திருச்சுழியைத் தாண்டி ஒன்பது கிலோமீட்டரில் ஒரு சிறிய ஊர். அங்கே செல்வராணி நாட்டுக்கோழி முட்டைகளை மிஷினில் வைத்துப் பொரித்துக் கொடுக்கிறாள். பக்கத்து ஊர்ப் பெண்கள் முட்டை கொண்டுவந்து கொடுப்பார்கள்; இருபத்தோரு நாளில் குஞ்சாக வாங்கிப் போவார்கள். போன மாதம் ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் அறுபத்துச் சொச்சம் முட்டை வீணாகிவிட்டது. அந்த வாரம்தான் அருள்ராஜ் போன் செய்தான். "அண்ணே, காந்தத்துல மெதக்குற காத்தாடி ஒண்ணு விக்கிறாக. லேசா காத்தடிச்சாலே சுத்துமாம். வாங்கலாமாண்ணே?"

காந்தம் என்றாலே எனக்கு ஒரு கிறுக்கு. அப்படிப்பட்ட காத்தாடி சுற்றும் வீடியோக்களை வாய்பிளந்து பார்த்தவன். உராய்வு இல்லை, தேய்மானம் இல்லை, சத்தம் இல்லை என்று இருபது நிமிஷம் பேசினேன். கடைசியில் "வாங்கிப் போடுப்பா" என்றும் சொல்லித் தொலைத்தேன். பத்து நாள் ஓட்டிப் பார்க்கட்டும் என்று விற்பவர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாளை ஞாயிற்றுக்கிழமை வருவார். வேண்டும் என்றால் அறுபத்தெட்டாயிரம் கொடுக்க வேண்டும். அதற்குச் செல்வராணியின் கழுத்துச் செயின் போக வேண்டும். வேண்டாம் என்றால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

7.35. அருப்புக்கோட்டை. காரியாபட்டி தாண்டியதிலிருந்தே காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வந்தது. ஆடிமாதம் அல்லவா? பஸ் ஸ்டாண்டில் டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்காரர் மேஜைமேல் விரித்த பேப்பர் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார். எனக்கு லேசாகத் தெம்பு வந்தது. இவ்வளவு காற்றுள்ள சீமையில் ஒரு காத்தாடியா ஓடாது?

8.05. திருச்சுழி பஸ். இருபுறமும் கரிசல் உழுதுபோட்டு மழைக்குக் காத்துக் கிடந்தது. சீமைக்கருவேல மரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து நின்றன. கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி, திருச்சுழியிலிருந்து அங்கே போக வண்டி உண்டா என்று கேட்டேன்.

"காத்தாடி வீட்டுக்கா? நம்ம வண்டியிலயே பத்துப் பேர் வெசாரிச்சுட்டாக" என்றார். "ராத்திரி லைட்டு எரியுதாங்க, அதுல?"

"அதைப் பார்க்கத்தான் போறேன்" என்றேன்.

8.45. திருச்சுழியில் அருள்ராஜ் டிவிஎஸ் ஐம்பதோடு நின்றான். முகத்தில் பூரிப்பு. குண்டாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மணலைப் பார்த்தேன். தண்ணீர் ஓடிய தடயம்கூட இல்லை. வழியெல்லாம் அவன் பேச்சு காத்தாடியைப் பற்றித்தான். "விரலால தொட்டாப் போதும்ணே, கால் மணி நேரம் நிக்காது."

9.15. தெருவில் திரும்பியதுமே தெரிந்தது. அருள்ராஜ் வீட்டு மொட்டைமாடியின் மேல், ஆள் உயரத்துக்கு வெள்ளை நிறத்தில் ஐந்து தகடுகள் முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்று சுற்றின. ஆரல்வாய்மொழிப் பக்கம் நிற்கும் பெரிய காற்றாலைகள் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும். இதற்கு அந்தக் கவலை இல்லை, எந்தப் பக்கம் அடித்தாலும் சுற்றும். கீழே ஒரு காந்தம், மேலே ஒரு காந்தம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் சுற்றும் பாகத்தின் எடை எதன்மேலும் உட்காருவதில்லை. பார்க்க அழகு. சத்தமே இல்லை. ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

செல்வராணி தண்ணீர் கொண்டுவந்தாள். "மொதல்ல முட்டையப் பாருங்கண்ணே. இன்னைக்கு இருபதாம் நாள்."

இருட்டறைக்குள் ஒரு மரப்பெட்டி. உள்ளே சூட்டுக்காக எரியும் பல்பு வெளிச்சத்தில் இருநூற்று நாற்பது முட்டைகள். ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஒரு குறி: வட்டம், சூலம், சிலுவை, பிறை, இரண்டு கோடு. வீட்டுக்கு ஒரு குறியாம். குஞ்சு வெளியே வந்தபின் அதன் உடம்பில் குறி இருக்காதே என்று கேட்டேன்.

"ஓட்டுல இருக்கும்லண்ணே. ஓட்டை எண்ணித்தான் குஞ்சக் குடுப்பேன். பொரியாததுல குறி அப்படியே இருக்கும். அதக் கூடையில எடுத்துக்கிட்டு அந்தந்த வீட்டுக்கு நானே போயிச் சொல்லிட்டு வருவேன்."

போன மாதம் அறுபது முட்டைக்கு மேல் அப்படித் தூக்கிக்கொண்டு வீரசோழன் ஊர் வரைக்கும் வீடு வீடாகப் போயிருக்கிறாள். யாரும் திட்டவில்லையாம். அதுதான் கஷ்டமாக இருந்தது என்றாள். இன்னொரு தடவை அந்தக் கூடையைத் தூக்க முடியாது, அதனால்தான் செயினைக் கொடுக்கவும் துணிந்தேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் பையிலிருந்து மீட்டரை எடுத்தேன்.

9.50. மாடி ஏறினேன். காத்தாடி சுற்றிக்கொண்டேதான் இருந்தது. பேட்டரிக்குப் போகும் ஒயரில் மீட்டரை மாட்டினேன். முள் வைத்த மீட்டராக இருந்தால் முள் அசைந்தே இருக்காது. டிஜிட்டல் மீட்டர், அதனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் காட்டியது. கணக்குப் போட்டால் இரண்டு வாட். ஒரு ராத்திரி விளக்குக்குத் தாங்கும்; முட்டைப் பெட்டிக்கு நூற்றைம்பது வாட் வேண்டும்.

காற்றளக்கும் கருவியைத் தூக்கிப் பிடித்தேன். வினாடிக்கு இரண்டு மீட்டர். காரியாபட்டியில் பஸ்ஸைத் தள்ளிய காற்று எங்கே போயிற்று என்று திரும்பினால், மேற்கே பக்கத்து வீட்டுப் புளியமரம் மாடிக்கு மேல் இருபதடி உயரத்துக்கு நிற்கிறது. இந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவில், தென்மேற்கு மூலையில் காத்தாடி.

"ஏம்ப்பா, கிழக்குப் பக்கம் மரத்துக்குத் தள்ளி இடம் காலியா இருக்கே, இங்க ஏன் வச்சே?"

அருள்ராஜ் தலையைச் சொறிந்தான். "கன்னி மூலைதான் ஒசரமா இருக்கணும்னு கொத்தனார் சொன்னாருண்ணே."

"வாசல்ல மாதா படம் வச்சிருக்கே. உனக்கு என்னப்பா கன்னி மூலை?"

"வீடுன்னா எல்லாருக்கும் வீடுதானேண்ணே" என்றான். எங்கள் வீட்டிலும் கன்னி மூலையில்தான் பீரோ இருக்கிறது.

10.30. கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வராணி, "காத்து வேணும்னா களத்துக்குல்ல போகணும். வாங்கண்ணே" என்று முன்னால் நடந்தாள்.

ஊருக்குத் தெற்கே அறுநூறு மீட்டரில் ஒரு மேடு. குதிரைவாலி அடித்துத் தூற்றுகிற களம். காலடியில் பழைய உமி கிடந்தது. மேட்டில் ஏறியதும் வேட்டியை இறுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. கருவி ஐந்து மீட்டர் காட்டியது. அருள்ராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அங்கேயே உட்கார்ந்து அவர்களுக்குச் சொன்னேன். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். காத்தாடியில் ஒட்டியிருக்கும் ஐந்நூறு வாட் என்பது பன்னிரண்டு மீட்டர் வேகத்துக்கு உள்ள கணக்கு. அது ஓடு பறக்கிற காற்று. இந்த மேட்டிலேயே முப்பத்தைந்து, நாற்பது வாட்தான் கிடைக்கும். காந்தம் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: லேசான காற்றிலும் சுற்ற வைக்கும். ஆனால் லேசான காற்றில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. சுற்றுவதைப் பார்த்து நாம் கரண்ட் வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

"சரிண்ணே, இங்கன கொண்டாந்து வச்சு பேட்டரிய மட்டும் ஏத்துவோம். வண்டியில தூக்கிட்டுப் போயிருவேன்" என்றான் அருள்ராஜ். நல்ல யோசனைதான். பகல் முழுக்க இதே காற்று அடித்தால் ஒரு பேட்டரி கால்வாசி ஏறும்.

செல்வராணி உமியைக் காலால் தள்ளியபடி சொன்னாள். "ஆடியில அடிக்கும். மாசிக் கடைசியில பொலி தூத்துறதுக்குக் காத்து வராம ரெண்டு நாள் இதே எடத்துல உக்காந்து கெடந்திருக்கோம். முட்டை ரெண்டு நாள் உக்காந்திருக்குமா?"

நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள்.

12.40. சாப்பிட உட்கார்ந்தபோது காற்று ஓங்கி அடித்தது. எங்கோ கிளை முறியும் சத்தம். மின்விசிறி நின்றது. ஒயரில் மரம் விழுந்துவிட்டது, ஆட்கள் வந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெருவில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். கரண்ட் தரும் என்று நாங்கள் நம்பிய காற்றே இருந்த கரண்டையும் பிடுங்கிக்கொண்டது.

அருள்ராஜ் மாடியை அண்ணாந்து பார்த்தான். காத்தாடி புளியமரத்தின் மறைவில் அழகாகச் சுற்றியது. அதன் பேட்டரியைப் பெட்டியில் இணைத்தான். பல்பு சிவப்பாகக் கண் விழித்தது. நான்கு நிமிஷத்தில் அணைந்தது.

செல்வராணி மேலே பார்க்கவே இல்லை. அடுப்பைப் பற்றவைத்து அண்டாவை ஏற்றினாள். பிளாஸ்டிக் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, பெட்டிக்குள் முட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். மேலே சாக்கு, அதற்கு மேல் கம்பளி. முக்கால் மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான் ஊற்றினேன், அருள்ராஜ் துணி சுற்றினான், அவள் மட்டும் மூடியைத் திறந்து மூடினாள். வேறு யாரையும் திறக்க விடவில்லை. வெப்பமானி முப்பத்தாறுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் அவள் உதடு மட்டும் அசைந்தது. ஜெபமா, எண்ணிக்கையா தெரியவில்லை.

மூன்றாவது தடவை மாற்றும்போது என்னைக் கூப்பிட்டாள். "காத வச்சுப் பாருங்கண்ணே."

பிறைக் குறி போட்ட ஒரு முட்டை. உள்ளிருந்து டொக், டொக் என்று மெல்லிய சத்தம்.

3.25. கரண்ட் வந்தது. மூன்று பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அப்போது சொன்னேன். "அம்மா, நான் போன்ல சொன்னது தப்பு. வீடியோவப் பாத்துட்டுச் சொல்லிட்டேன். இந்தப் பெட்டிக்கு வேண்டியது காத்தாடி இல்ல, ஒரு இன்வெர்ட்டரும் நல்ல பேட்டரியும். கரண்ட் இருக்கும்போது ஏறிக்கிடும், ஆறு மணி நேரம் தாங்கும். பின்னால கையில ஓடினா வெயிலுக்கு ஒரு சோலார் பலகை. செயினக் கழட்டாதே. என் கடையில ஒரு இன்வெர்ட்டர் சும்மா கிடக்கு, புதன்கிழமை பஸ்ஸுல போட்டு விடுறேன்."

அருள்ராஜ் எழுந்து வெளியே போனான். கோபித்துக்கொண்டானோ என்று பயந்தேன். மாடியில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தேன். காத்தாடியை நிறுத்திக் கயிற்றால் கட்டிவிட்டு, ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"ஊரே வந்து பாத்துச்சுண்ணே" என்றான், திரும்பாமல். நானும் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

5.20. ஊருக்குப் பிரியும் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றோம். செல்வராணியும் வந்திருந்தாள். மதுரையில் என் கடையில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக ஓடும். போனதே தெரியாமல் காயில் கட்டிக்கொண்டிருப்பேன். இரண்டே முக்கால் மணி நேரம் என்பது எவ்வளவு நேரம் என்று இன்றைக்குத்தான் வெந்நீர் ஊற்றித் தெரிந்துகொண்டேன்.

"கடையப் பூட்டிட்டு இம்புட்டுத் தூரம் வந்தீக" என்றாள். "வேணாம்னு போன்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"பொரியாத முட்டைய நீ போன்லயாம்மா சொல்றே?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக மஞ்சள் பையை நீட்டினாள்.

"நாளைக்கிப் பொரிச்சிருச்சுன்னா போன் பண்றேன். பொரிக்கலைன்னா நேர்ல வாரேன்."

மறுநாள் வீட்டை விட்டு அசையவில்லை. தெருவில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தேன். கையில் கூடையோடு யாரும் இறங்கவில்லை. பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. செல்வராணி பெயரைப் பார்த்ததும், எடுப்பதற்கு முன்பே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.