முகம் பார்க்காமல் போடாத மண்

எங்கள் அம்மா தெஹியோவிட்டைக்கு மேலேயுள்ள இறப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் பால் வெட்டி, அங்கேயே கண்மூடியவர். அவரது முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, இந்த நினைவு மலரில் அம்மாவைப் பொறுமையின் சிகரம் என்று எழுதச் சொன்னார்கள். அம்மா அப்படியில்லை. அவருக்கு வாய் நீளம். அந்த வாயை வைத்துத்தான் என்னையும் தம்பியையும் வளர்த்தார்.

அப்பா நன்றாகச் சிங்களம் பேசுவார், லொறி ஓட்டுவார். யுத்த காலத்தில் அரசாங்க ஆமியில் சாரதியாகச் சேர்ந்தார். தோட்டத்தில் பலர் முகம் சுளித்தார்கள். முகாமிலும் தமிழன் என்று ஒரு மாதிரித்தான் பார்த்தார்களாம். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது, ஆணியடித்த பெட்டியில் கொடி போர்த்தி அப்பாவைக் கொண்டுவந்தார்கள். முன்னரங்கில் வீரமரணம், குண்டு பட்டு முகம் சிதைந்துவிட்டது, திறக்கக்கூடாது என்றார் கூட வந்த பெரிய அதிகாரி.

எங்கள் பக்கத்தில் முதல் பிடி மண்ணை மனைவிதான் போடவேண்டும். உபதேசியார் மண்ணை அள்ளி அம்மாவின் கையில் வைத்தார். அம்மா அதைக் காலடியில் கொட்டினார்.

"மொகத்தப் பாக்காம மண்ணு போடமாட்டேங்க. உள்ள யாரு இருக்கான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

மற்றவர்கள் மண் போட்டு மூடினார்கள். கட்டினவனுக்கு மண் போடாதவள் என்று பிறகு லயத்தில் பேசியவர்கள், அம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பேசினார்கள். அவர்களில் சிலர் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

அப்பாவுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டு அம்மா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. போன இடமெல்லாம் பெருமைப்படுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வருடா வருடம் மேடையேற்றி, அதே அதிகாரியின் கையால் பொன்னாடை போர்த்தினார்கள். அம்மா அதைக் கோழிக்கூட்டுக்கு மறைப்பாகக் கட்டுவார். கல்லறைத் திருநாளில் அப்பாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவார், மண்ணைத் தொடமாட்டார்.

அம்மா இறப்பதற்கு முந்தின வருடம், ரம்புக்கனை ரயில் ஸ்டேஷனில் ஒரு மனிதரின் கையைப் பிடித்துச் சிங்களத்தில் கேட்டார், "பெட்டி தூக்கி வந்தப்ப அழுதது நீதானே?" அவர் அப்பாவோடு வேலை செய்த சிங்களச் சிப்பாய். "சமாவென்ன அக்கே" என்று மன்னிப்புக் கேட்டு, பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து அதை எங்களுக்குச் சொன்னார்.

"குண்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பெட்டியோட வந்தானே அந்தப் பெரியவன், அவன் வீடு கட்டியிருக்கான். அதுக்கு மரம் ஏத்த ஒங்கப்பாவ அனுப்பியிருக்கான். பிரேக் சரியில்லன்னு சொல்லியும் ஏசி அனுப்பியிருக்கான். லொறி பள்ளத்துல போய் நெஞ்சு நசுங்கிருச்சி. மொகத்துல ஒரு கீறல்கூட இல்லையாம். தொறந்தா குண்டுக் காயம் எங்கன்னு கேப்போம்னுதான் ஆணி அடிச்சிருக்கானுக."

தன் வீட்டுக் கூரைக்காக ஒருவரைச் சாகவிட்டு, அவர் மனைவிக்கே பொன்னாடை போர்த்திய கை அது. முறைப்பாடு செய்தோம். இன்றுவரை பதில் இல்லை.

இதையெல்லாம் சொன்ன மறுநாள் காலை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனார். குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார்.

"இந்தா, இப்பப் போடுறேங்க. மொகம் நல்லாத்தான் இருந்திச்சாம்" என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார். அத்தனை வருடங்களில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இளைப்பு நோயில் படுத்தபோது எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "எம் பெட்டிய அவசரப்பட்டு மூடிறாதீங்க."

ரம்புக்கனையிலிருந்து வந்து அம்மாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்த அந்தச் சிப்பாய் மாமாவுக்கு எங்கள் நன்றி. குழி வெட்டியவர்களுக்கும், சமைத்துப் போட்ட லயத்துப் பெண்களுக்கும் நன்றி. வீரரின் மனைவி என்று எழுதி வந்த மலர்வளையத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம், அனுப்பியவருக்கு நன்றி இல்லை. குழிக்கரையில் மூடியைத் திறந்து வைத்து, கடைசி ஆள் வரும்வரை காத்திருந்தோம். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மண் போட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

மகள்