பதினோரு மணி நிலநடுக்கம்

பள்ளியில் அவளுக்குச் சுருள் டீச்சர் என்று பெயர். பொம்மைக் கடையில் வாங்கிய சுருள்கம்பி, கணவரின் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம், கையால் சுற்றிய செம்புக்கம்பி, இவற்றை வைத்து பள்ளி மாடிப்படிக்குக் கீழிருந்த அறையில் ஒரு நிலநடுக்கமானி செய்திருந்தாள். இரண்டு வருட உழைப்பு. தரை அதிர்ந்தால் கணினித் திரையில் கோடு துள்ளும். பாட்டுக் கேட்க வைத்திருந்ததைப் பூகம்பம் கேட்கக் கொண்டுபோய்விட்டாள் என்று வீட்டுக்காரர் புலம்பாத நாளில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கோடு தாறுமாறாகத் துள்ளியது. தலைமையாசிரியருக்குக் கேட்கவா வேண்டும்! அன்று மாலையே அதை அச்செடுத்து, 'நம் பள்ளி பதிவு செய்த நிலநடுக்கம்' என்று கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டார்.

டீச்சருக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து மற்ற நிலநடுக்க நிலையங்களின் பதிவுகளை இணையத்தில் புரட்டினாள். அந்த நேரத்துக்குப் பொருந்தும்படி எங்கும் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை, அதே பதினோரு மணிக்கு, கோடு மறுபடி துள்ளியது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். போன வாரம் கட்டி முடித்த புதுத் தொட்டியை நிரப்ப, தண்ணீர் லாரி சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

'இது தண்ணீர் லாரி' என்று ஒரு சீட்டு எழுதிச் சட்டத்தின் கீழே ஒட்டினாள். தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். வரும் செவ்வாய்க்கிழமை கல்வி அதிகாரி வருகிறாராம். சீட்டை எடுக்காவிட்டால் அறையைக் காலி செய்து உடைந்த பெஞ்சுகளைப் போடப்போவதாகச் சொன்னார். ஆனாலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை.

"பொய் சொன்னாத்தான் அந்த ரூம் இருக்கும்னா, அது வேண்டாம் சார். நாளைக்கு நிஜமாவே பூமி ஆடுனா, புள்ளைங்க யார் பேச்ச நம்பும்?"

அவர் சீட்டைக் கிழித்தார். இவள் இன்னொன்று ஒட்டினாள். அதுவும் போயிற்று. மூன்றாவதையும் செவ்வாய்க்கிழமை காலையில் கிழித்துவிட்டார்.

அதிகாரி வந்தார். சட்டத்தைப் பார்த்தார், தலைமையாசிரியரின் பெருமையைக் கேட்டார், கருவியைப் பார்க்க வேண்டும் என்றார். அறைக்குள் நுழைந்தபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"அஞ்சு நிமிஷம் இருங்க சார்," என்றாள் டீச்சர். "இங்க நிலநடுக்கம் பதினோரு மணிக்கு வந்துடும்."

தலைமையாசிரியர் கண்ணால் எரித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு மணிக்குக் கோடு துள்ளியது. அதிகாரி ஜன்னலுக்குப் போய் லாரியைப் பார்த்தார், திரும்பி வந்து திரையைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். இந்த அறையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, வாசலில் மாட்டியிருப்பதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவளிடம் கேட்டார்.

நாலாவது சீட்டைக் கைப்பையில் தயாராக வைத்திருந்தாள். தலைமையாசிரியரின் கண்ணெதிரிலேயே அதை ஒட்டினாள்.