பொட்டு வைத்த லேப்டாப்

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கல்யாணமாகிச் சிதம்பரத்துக்குப் போனதிலிருந்து அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். டைப்பிங், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் இன்டர்நெட். அவ்வளவுதான் என் சரக்கு. ஆனால் கடலூரில் என் பிறந்த வீட்டில் செல்போனில் அலாரம் வைக்கத் தெரியாவிட்டால்கூட, "சிதம்பரத்துக்கு ஒரு போனப் போடு, அவ சொல்லுவா" என்பார் அப்பா. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். அப்படிச் சர்க்கரையாக இருப்பதில் எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். சிதம்பரத்தில் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பும் பையன்கள் மெத்தை, சைக்கிள், பக்கெட் என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு பையனிடமிருந்து என் தங்கைக்காக வாங்கியது. மூடியில் அவன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எவ்வளவு சுரண்டியும் பாதிதான் வந்தது. லேண்ட்லைனோடு பிராட்பேண்டும் போட்டு, வயர்லெஸ் மோடம் ஒன்றை டிவி ஸ்டாண்டின் மேல் வைத்துக் கொடுத்தேன். கூடவே வந்த நீல வயரைச் சுற்றி வைத்துவிட்டு, "இதுக்கு வேலையே இல்ல, இனிமே எல்லாம் காத்துலயே வரும்" என்று அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அந்த வாய்க்கொழுப்பு பின்னால் எங்கே போய் முடிந்தது என்பதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம், ஆவணிக் கடைசியில் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு மங்கலம்பேட்டைப் பக்கம். சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்திருந்தான். எங்கள் வீட்டில் அவனுக்கு அன்றைக்கே 'சிங்கப்பூர் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாகிவிட்டது. பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினோம். கீழே வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதற்கு முன் வந்த இரண்டு இடங்களிலும் அவள் காபித் தம்ளரை வாங்கி வைக்கிற வேகத்திலேயே வெறுப்பு தெரியும்.

அவர்கள் போன பிறகு, புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அவரு என்னா சொன்னாரு தெரியுமா? 'உங்களுக்குப் புடிக்கலன்னா வீட்டுல வாயத் தெறந்து சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும். அப்படின்னா நான் கம்ப்யூட்டர்ல கூப்புடற அன்னைக்கு நீங்க ஆன்லைன்ல வராம இருந்துடுங்க, போதும். நான் புரிஞ்சுக்கறேன். எனக்குத்தான் புடிக்கலன்னு எங்க அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். உங்க மேல பழி வராது'ன்னாரு. இப்படி ஒரு ஆளு பேசுவாங்களாக்கா?"

பேச மாட்டார்கள்தான். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல வழி விட்டவனிடம் சரி என்று சொல்வதற்காக, அன்றிலிருந்து அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். இந்த ரகசியம் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

புரட்டாசியில் தட்டு மாற்ற வேண்டாம் என்றார்கள் பையன் வீட்டில். பையன் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டான். விஜயதசமி நல்ல நாள், அன்று காலையில் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசட்டும், அதன் பிறகு தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதுவரை போன் நம்பர் கொடுக்கிற வழக்கமெல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. எதுவானாலும் தரகர் மூலமாகத்தான்.

அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர். திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு கடை. ஆயுத பூஜை வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. கடைச் சாமான்கள் முடிந்து வீட்டுக்கு வந்தால் தையல் மெஷின், மிக்சி, கிரைண்டர், டிவி என்று ஒன்றையும் விட மாட்டார். அந்த வருஷம் லேப்டாப்புக்குத்தான் முதல் மரியாதை. மகளின் கல்யாணமே அதில்தானே வரப்போகிறது! கடையிலிருந்து புது பனியன் வேஸ்ட் கொண்டுவந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மோட்டாரைத் துடைப்பதுபோல மேலும் கீழும் நாலு விளிம்பும் அழுத்தித் துடைத்து, மோடத்துக்கும் அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்தாராம். பொட்டு வைத்த சாமானை மறுநாள் கற்பூரம் காட்டும்வரை தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம். "நெட்டு வருதான்னு ஒரு தரம் பாத்துடறேம்பா" என்று தங்கை கெஞ்சியிருக்கிறாள். "சாமிகிட்ட வெச்சத எடுப்பாங்களாம்மா? நேத்து வரைக்கும் வந்துச்சில்ல, நாளைக்கும் வரும், போ" என்று சொல்லிவிட்டார்.

விஜயதசமியன்று நான் சிதம்பரத்தைவிட்டு நகர முடியாது. புதிதாகப் படிக்கச் சேருகிறவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வருவார்கள். தேங்காய் பழத் தட்டோடு ஒரு கூட்டம் சென்டர் வாசலில் நின்றிருந்தபோது தங்கையின் போன் வந்தது.

"அக்கா, நெட்டு வரலக்கா. மூலையில செகப்பா பெருக்கல் குறி போட்டிருக்கு."

எனக்குப் பதற்றமே வரவில்லை. நான்தான் தெரிந்தவளாயிற்றே. மோடத்தில் விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். எல்லாம் எரிகிறது, பொட்டுக்குப் பக்கத்தில் பச்சையாகத் தெரிகிறது என்றாள். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன். லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னேன். கன்ட்ரோல் பேனலுக்குள் போய் வயர்லெஸ்ஸை நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ஆச்சுக்கா" என்றாள். ஒவ்வொரு முறையும் சிவப்புக் குறி அப்படியே இருந்தது. வயர்லெஸ்ஸை ஓட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேர் கெட்டிருக்கும் என்று தோன்றியது. அதை எடுத்துவிட்டு மறுபடி போட வைத்தேன். பட்டுப்புடவையும் பூவுமாக உட்கார்ந்துகொண்டு, ஆங்கிலத்தில் வருவதையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாள். அவன் கூப்பிடுவதாகச் சொன்ன நேரம் வந்து, கடந்தும் போனது. அவள் குரல் மெல்லிசாகிக்கொண்டே வந்தது.

"வேணாம்னுதான் வரலன்னு நெனச்சுக்குவாருக்கா. ஏதாவது பண்ணுக்கா."

அப்போதுதான் அந்த நீல வயர் ஞாபகம் வந்தது. வயர்லெஸ் தொலையட்டும், வயரைச் சொருகினால் வேலை முடிந்தது! எங்கே அது என்று கேட்டேன். அவள் அப்பாவிடம் விசாரிப்பது கேட்டது. பிறகு அப்பாவின் குரல் வந்தது.

"அதாம்மா, வாழக்கன்னு கட்டறதுக்குக் கவுறு பத்தல. நீதான வேலையே இல்லன்ன. ரெண்டா வெட்டி கேட்டுல ரெண்டு பக்கமும் கட்டிட்டேன். நல்லா கெட்டியாத்தான் நிக்குது."

தலையில் அடித்துக்கொண்டேன். யாரைக் குற்றம் சொல்வது? நான் சொன்னதைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

தரகரைக் கூப்பிட்டு நெட் வரவில்லை என்று பையன் வீட்டுக்குச் சொல்லச் சொன்னேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நல்ல நாளும் அதுவுமா தடங்கலுன்னு சொன்னா சகுனம் பாப்பாங்கம்மா. சாயங்காலம் பேசிக்கலாம், என்னா அவசரம்?" பிரவுசிங் சென்டருக்காவது தங்கையைக் கூட்டிப் போங்கள் என்றேன். பூஜை போட்டுவிட்டு எல்லாக் கடையும் ஷட்டரை இறக்கிவிட்டதாம். அவசரம் என்ன என்று எனக்கும் அவளுக்கும் தெரியும். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மொட்டை மாடியில் பேசிய பேச்சை அவிழ்த்தால், அவள் மானமும் போய், அந்தப் பையன் மானமும் போகும்.

எங்கள் சென்டரிலிருந்தே அவள் பெயரில் நுழைந்து ஒரு வார்த்தை எழுதலாம் என்றால், சிதம்பரத்தில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது. வந்ததும் தங்கையிடம் பாஸ்வேர்ட் கேட்டு உள்ளே போனேன். அவன் ஆன்லைனில் இல்லை. காலையிலிருந்து அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது மட்டும் வரிசையாகத் தெரிந்தது. 'வீட்டில் நெட் வரவில்லை, மன்னிக்கவும்' என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினேன். சென்டரை மூடும்வரை பார்த்தேன். பதில் இல்லை.

அந்த நாளில் 'நெட் வரல' என்பது, கல்யாணத்துக்கு வராதவர்கள் சொல்லும் 'உடம்பு சரியில்ல' மாதிரி. யாரும் நம்பவும் மாட்டார்கள், மறுத்துப் பேசவும் மாட்டார்கள். நான் அதையாவது யோசித்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே தரகர் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார். பையனுக்கு இஷ்டமில்லையாம். அப்பா தரகரிடம் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார். வீடு தேடி வந்து பஜ்ஜி தின்றபோது இஷ்டமாக இருந்ததா என்றுகூடக் கேட்டாராம்.

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கடலூர் போனேன். பையில் டிரைவர் சிடி, புது வயர் எல்லாம் இருந்தன. இனி எதற்கு என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா முகம் கொடுக்கவில்லை. தங்கை லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. முன் விளிம்பில் இருந்த பொட்டை நகத்தால் சுரண்டினேன். ஏதோ ஒன்று நகத்தில் இடறி நகர்ந்தது.

குண்டுமணி அளவில் ஒரு சுவிட்ச். வயர்லெஸ்ஸுக்கென்றே தனியாக அங்கே ஒன்றை வைத்திருக்கிறார்கள். எங்கள் சென்டரில் இருந்ததெல்லாம் பெரிய கம்ப்யூட்டர்கள், அவற்றில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அப்பா அழுத்தித் துடைத்ததில் அது ஒதுங்கிப் போயிருக்கிறது. அதன் மேலேயே பொட்டும் விழுந்து மூடிவிட்டது. நகர்ந்த உடனே பக்கத்தில் நீல விளக்கு ஒன்று எரிந்தது. சிவப்புக் குறி மறைந்தது. எந்தச் சிரமமும் இல்லாமல் நெட் வந்தது.

அதோடு அவனுடைய பதிலும் வந்தது.

'பரவாயில்லைங்க, புரிஞ்சுது. நெட் வரலைன்னு காரணம்கூடச் சொல்லியிருக்க வேணாம். அம்மாகிட்ட எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிட்டேன். உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. நல்லா இருங்க.'

இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தோம். அவள் அழவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, சுவிட்ச் அணைந்திருந்தது என்று அடிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"இத யாரு நம்புவாங்கக்கா? எனக்கே நம்ப முடியல" என்று சொல்லிவிட்டு, அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

நான் அப்பாவிடம் போனேன். பையன் மேல் தப்பில்லை, இந்தச் சுவிட்ச்தான் காரணம், மறுபடி பேசிப் பாருங்கள் என்றேன். லேப்டாப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் சுவிட்சோடும் மோட்டாரோடும் புழங்கிய மனுஷன்.

"ஒயரே இல்லாத சாமானுக்கு சுவிச்சு எதுக்கும்மா?" என்றார். கொஞ்சம் கழித்து, "எதுவா இருந்தா என்னா? வேணாம்னு சொன்னவன் வாசல்ல போயி பொண்ணப் பெத்தவன் நிக்க முடியுமா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வாழைக்கன்றுகள் அன்று முழுக்க அந்த நீல வயரோடு கேட்டில் நின்றன.

எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவள் அழித்ததை நான் அடித்து அனுப்பியிருக்கலாம். நம்பினால் நம்பட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று துணிந்திருக்கலாம். அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒன்றும் செய்யாமல் நின்றுவிட்டு, சிடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒருவரும் கெட்டவரில்லை. அப்பா ஆசையாகத்தான் துடைத்தார், அந்தப் பையன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். அப்படியிருந்தும் கெட்டுப்போனது.

தை மாதம் அவளுக்குப் பண்ருட்டியில் முடித்தோம். முந்திரி வியாபாரம் செய்கிற குடும்பம். குறை சொல்ல முடியாத இடம். அவளும் எதையும் சொன்னதில்லை. சீரோடு சீராக அந்த லேப்டாப்பும் போயிற்று.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு நாள் பண்ருட்டியிலிருந்து போன் வந்தது. வீட்டில் நெட் வரவில்லையாம், வீட்டுக்காரர் வியாபாரக் கணக்கு அனுப்ப வேண்டுமாம். பழைய பழக்கத்தில் மோடத்தில் விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். எரியவில்லை என்றாள். அப்படியென்றால் லைன் கோளாறு, புகார் கொடுக்கச் சொல் என்றேன். போனை வைக்குமுன், கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன்.

"எதுக்கும் அந்தச் சுவிச்சையும் ஒரு தரம் பாத்துக்கோ."

"அத மொதல்லயே பாத்துட்டேன்க்கா" என்றாள். "அது ஆன்லதான் இருக்கு. ஆயுத பூஜ அன்னைக்கும் அது மேல யாரையும் கைய வெக்க வுட மாட்டேன்."