பல்லக்காவும் மூன்றாவது கட்டையும்

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் செயற்கைப் பற்கள் செய்து கொடுத்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அடுத்தவர் வாய்க்கு மயிரிழை பிசகாமல் பொருத்திவிடுவாள். சொந்தப் புருஷனுக்கு ஒரு கைத்தடிப் பிடி மட்டும் ஆறு வாரமாகப் படியவில்லை.

பக்கவாதத்தில் அவருடைய வலது கைக்குப் பிடிமானம் குறைந்திருந்தது. கடைத் தடி வழுக்கி வாசலிலேயே விழுந்தார். அதோடு வெளியே போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மெழுகில் கை அச்சு எடுத்து, விரல் விரலாகப் பள்ளம் வைத்து ஒரு பிடி செதுக்கித் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னவள் அவள்தான். தச்சர் கொடுத்த கருங்காலிக் கட்டைகள் மூன்று. இரண்டு கருகிப் போய்விட்டன.

பழக்கதோஷம்தான். சுழலும் கருவியின் முனையில் மாட்டும் பர் என்ற குட்டி அரங்களில் அவள் கை எப்போதும் நைசானதற்கே போகும். வைரத்தூள் பூசிய பொடிசு. பல்லுக்கு அது சரி. கருங்காலியோ மாவாக உதிர்ந்து பர் முழுக்க அப்பிக்கொள்ளும். பிறகு வெட்டாது, தேய்க்கும். வெட்டவில்லையே என்று அழுத்தினால் புகையும். கடைக்காரர் வேறு முப்பது பர் அடங்கிய பெட்டியை அவள் தலையில் கட்டியிருந்தார். முப்பதும் அதே ரகம்.

இன்றும் புகை கிளம்பியது.

“என்னம்மா, அடுப்புல ஏதாவது வச்சிருக்கியா?” என்றார் கட்டிலிலிருந்து.

“சும்மா இருங்க. எனக்கு வர்ற எரிச்சலுக்கு...”

“புகை வந்தா அரம் தப்பு. பொடியா வரக்கூடாது, துருவலா வரணும்.”

டயர் பட்டறையில் முப்பது வருஷமாக, புது ரப்பர் ஒட்டுவதற்காகப் பழைய டயர்களை அரத்தால் சுரண்டியவர். முதல் வாரமே இதைத்தான் சொன்னார். “இது டயர் இல்லீங்க” என்று அப்போதே வாயை அடைத்துவிட்டாள்.

சரி, அவர் சொன்னபடியே செய்து இந்தக் கடைசிக் கட்டையையும் கெடுத்துக் காட்டினால்தான் இந்த மனுஷன் அடங்குவார் என்று அவளுடைய பழைய டப்பாவைக் கவிழ்த்தாள். அடியில் கிடந்தது, பிளாஸ்டர் அச்சைக் கழிக்க வைத்திருந்த முரட்டு கார்பைடு பர். பல்லுக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாதது. மாட்டினாள். கருங்காலி துருவல் துருவலாகத் தெறித்தது. புகையே இல்லை. சந்தோஷத்துக்குப் பதில் பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. இத்தனை நாளும் வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது!

நைஸ் பர்ரைக் கடைசியில் மெருகுக்கு மட்டும் தொட்டாள். மாலையில் பிடியைத் தடியில் திருகிக் கொடுத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. எழுந்தார், படி இறங்கினார், தெருமுனை வரை போய் இடது கையை ஆட்டினார்.

அவளுக்கு அழுகை முட்டியது. ஆறு வாரம் அவரை நாலு சுவருக்குள் வைத்தது நோய் மட்டும் இல்லை. திரும்பி வந்து “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், சண்டை போட்டாவது ஆற்றிக்கொள்ளலாம் என்று வாசலில் நின்றாள்.

வந்தார். “நல்லா இருக்கும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடியும் தெருவில் இறங்கி நடந்தார்.