நெல் அறையில் பதிந்த பாட்டு

அந்தப் பாட்டை எத்தனை தடவை பதிந்தோம் என்று யாராவது கேட்டால், எனக்கு இன்றைக்கும் அலுப்புத்தான் வரும். எண்பதுகளின் தொடக்கம். கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டமொன்றில் எங்களுக்கு வயலும் இரண்டறை வீடும் இருந்தன. ஓர் அறையில் நானும் மனைவியும் படுப்போம். மற்றதில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். அந்த நெல் அறையில்தான் என் ஒலிப்பதிவு எல்லாம் நடந்தது.

பாடியவர் எங்கள் வயலுக்கு வேலைக்கு வரும் ஓர் அக்கா. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்து விரட்டப்பட்டு, புருஷனோடு வன்னிக்கு வந்தவர். வைகாசிப் பொங்கலன்று எங்கள் அம்மன் கோயிலில் தன் பாட்டு ஒலிக்க வேண்டும், அதை அம்மன் கேட்க வேண்டும். அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். கோயில் தலைவரிடம் போய்ப் பாடலாமா என்று கேட்டிருக்கிறார். “பாப்பம், பாப்பம்” என்றாராம். எங்கள் ஆட்கள் ‘பாப்பம்’ என்றால் இல்லை என்று அர்த்தம். தோட்டத்து ஆட்கள் மேடையேறுவதா என்ற எண்ணம். யாழ்ப்பாணத்தில் வீடு வாசலை விட்டு வந்தோம், இந்தக் குணத்தை மட்டும் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடை தராவிட்டால் போகட்டும், பொங்கலன்று காலையிலிருந்து ஒலிபெருக்கியில் கசற் போடுவார்கள்தானே, அதில் உங்கள் பாட்டையும் சேர்த்துவிடுகிறேன் என்று அக்காவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என்னிடம் இரண்டு கசற் றெக்கோடர்களும் ஓர் ஆர்மோனியமும் இருந்தன. நான் ஆர்மோனியம் வாசிக்க, அக்காவின் புருஷன் தோலக் தட்ட, அதை முதலில் ஒரு றெக்கோடரில் பதிந்தோம். பிறகு அதை ஓடவிட்டு, அக்கா அதோடு சேர்ந்து பாட, இரண்டையும் மற்ற றெக்கோடரில் பதிய வேண்டும். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைக்கத் தனிக் கருவி கிடையாது. குரல் கூட வேண்டுமென்றால் அக்காவின் கதிரையை மைக்குக்குக் கிட்ட இழுப்பேன். மேளம் குறைய வேண்டுமென்றால் ஓடுகிற றெக்கோடரை ஒரு மூட்டைக்குப் பின்னால் தள்ளுவேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அக்கா பாட்டை முதலிலிருந்து பாட வேண்டும். நாள் முழுக்கக் களை பிடுங்கி முதுகு முறிந்து வந்த மனுசி. மேலே தகரக் கூரை, யன்னலையும் சாத்தியாயிற்று, அவித்துக் கொட்டியது.

ஒருவழியாகச் சரிவந்த வேளையில் ஆலைக்காரரின் லொறி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அடுத்த நாள் பதிந்தால் அக்கா கிணற்றுக்குள் நின்று பாடுவது போல இருந்தது. இத்தனை நாளும் சத்தத்தை அடக்கி வைத்திருந்தவை அந்த மூட்டைகள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய், போர்வை, மனைவியின் சீலைகள் என்று அகப்பட்டதையெல்லாம் சுவரில் கொழுவினேன்.

“கூறைச் சீலையையும் கொழுவுங்கோ. கலியாண வீடெண்டு சனம் சாப்பிட வரட்டும்” என்றாள் மனைவி.

கடைசியில் ஒரு பதிவு அறையில் கேட்க நன்றாக இருந்தது. பொங்கலுக்கு ஒலிபெருக்கி கட்டுபவரின் கடைக்கு அதைக் கொண்டுபோய், வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் போட்டுப் பார்த்தேன். தோலக்கைக் காணவே இல்லை. ஆர்மோனியம் காதைக் கிழித்தது. அக்காவின் குரல் அதற்கடியில் நசிந்து கிடந்தது. சோழகக் காற்றுக்கு எதிராகச் சைக்கிளை மிதித்து வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நாளும் என் அறைக்காகப் பதிந்திருக்கிறேன், அந்தக் குழாய்க்காக அல்ல.

குழாய் ஆர்மோனியத்தைத் தானே தூக்கிவிடும் என்று, அடுத்த பதிவில் ஆர்மோனியமும் தோலக்கும் ஓடும் றெக்கோடரைப் பின்பக்கக் குசினிக்குள், அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். அறைக்குள் கேட்டால் வெறும் குரல்தான், பின்னால் ஏதோ முனகல்.

“என்னப்பா, ஆர்மோனியத்துக்குக் காய்ச்சலோ?” என்றாள் மனைவி.

இன்னொரு தடவை பதிய என்னிடமும் தெம்பில்லை, அக்காவிடமும் குரலில்லை. நடப்பது நடக்கட்டும் என்று அதையே கொடுத்துவிட்டேன். யார் பாடியது என்று ஒலிபெருக்கிக்காரருக்குச் சொல்லவில்லை.

பொங்கலன்று காலை, கோயில் வாசல் பூவரச மரத்துக் குழாயிலிருந்து அக்காவின் குரல் எழுந்தது. ஒரு சொல் பிசகாமல், வாய்க்கால் தாண்டி வயல்வெளி வரைக்கும் போனது. தலைவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்தக் கசற் நீர் குடுத்ததாமே. ஆர் பாடினது? இந்தியாக் கசற்றோ? என்ன பக்தி! பின்னேரப் பூசைக்கும் போடச் சொல்லியிருக்கிறன்.”

“கொஞ்சம் பொறுங்கோ, பாடின ஆளையே கூட்டிக்கொண்டு வாறன்” என்று ஓடினேன். அக்கா வெளிவீதியில் மற்றப் பெண்களோடு பானை கழுவிக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“வாங்கோ அக்கா, தலைவர் கேக்கிறார். நீங்கள்தான் பாடினதெண்டு சொல்லுவம்” என்றேன்.

அவர் ஈரக்கையை உதறி எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்தார்.

“சொல்லிப்புடாதீங்க ஐயா” என்றார். “தெரிஞ்சா நிப்பாட்டிப்புடுவாங்க. ஆத்தா இன்னொரு தடவ கேக்கட்டும்.”

அத்தனை நாள் பதிந்தபோதும் வராத களைப்பு அப்போது எனக்கு வந்தது. திரும்பி நடந்து போய்த் தலைவருக்கு முன்னால் நின்றேன்.

“ஓம், இந்தியாக் கசற்தான்” என்றேன்.