அடியில் இறங்கிய நீலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஓர் அரசு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். ஒருநாள் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயப் பெண் தூக்குப்போசியில் தண்ணீர் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி வழிந்தது.

"ஏனுங்க அம்மிணி, இது எங்க கெணத்துத் தண்ணிங்க. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. நாங்க இதத்தான் குடிக்கிறோம்."

அவர் தோட்டத்துக்கு மேற்கே நூல் அலசும் பட்டறை ஒன்று வந்திருந்தது. சோப்புத்தூள் கலந்த கழிவு ஓடையில் இறங்கி அவர் கிணற்றோரம் தேங்கியது. போய்க் கேட்டதற்கு, "உங்கூட்டுப் பொம்பளைங்க துணி தொவைக்கிற நொர" என்றாராம் பட்டறைக்காரர்.

பரிசோதனை எளிதுதான். தண்ணீரில் நீலச் சாயம் சில சொட்டு, கொஞ்சம் குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்க வேண்டும். குளோரோஃபார்ம் அடியில் தங்கும். சோப்புத்தூள் கலந்திருந்தால் சாயத்தையும் அது கீழே இழுத்துக்கொள்ளும். அன்று அடிப்பகுதி மைக்கூடுபோல இருந்தது.

அதிகாரியிடம் காட்டினேன். "அவங்களே கொண்டுவந்தது செல்லாதும்மா. முறைப்படி நாம போய் எடுக்கணும்" என்றார். எடுக்கப் போகும் நாளைப் பட்டறைக்காரருக்கும் சொல்லிவிட்டார்.

நாங்கள் போனபோது பட்டறையில் வேலை நடக்கவில்லை. ஓடையை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். எங்களுக்கு இளநீர் சீவி வைத்திருந்தார்கள். ஓடையில் ஒரு பாட்டில் நிரப்பச் சொல்லிவிட்டு அதிகாரி இளநீரை எடுத்தார்.

"கிணத்துல எடுக்க வேண்டாங்களா சார்?"

"ஓடையே சுத்தமா இருக்கு. கிணறு எதுக்கு?"

இன்னொரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். அதிகாரி பின்னாலிருந்து கூப்பிட்டார், திரும்பவில்லை. அந்தப் பெண் ஒரு வாளி சேந்தி ஊற்றினார். ஓடையைக் கழுவியவர்களால் கிணற்றைக் கழுவ முடியவில்லை. மறுநாள் ஓடைத் தண்ணீரில் நீலம் இறங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் இறங்கியது. அதிகாரி ஓடைத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையில் மட்டும் கையெழுத்துப் போட்டார்.

லீவு போட்டேன். கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் அந்தப் பெண்ணோடு வரிசையில் நின்று, ஓடைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் சோதித்த இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் மேசைமேல் வைத்தேன். "இதை வெளியே கொண்டுவர உங்களுக்கு அனுமதி உண்டா?" என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி.

"அத அப்பறம் கேளுங்க சாமி. நாங்க குடிக்கறதுக்கு யாரு அனுமதி குடுத்தாங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்.

ஓடையில் கழிவு விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. பட்டறைக்காரர் மறு பக்கமாகக் குழாய் போட்டு ஏரியில் விட்டார். உத்தரவில் ஏரி என்ற சொல் இல்லையாம். என்னை மேட்டூருக்கு மாற்றினார்கள்.

கிளம்பும் நாளில் அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். "எங்க கெணத்துல நொர கொறஞ்சிருச்சுங்க. இப்ப ஏரிக்கரைச் சனங்க வந்து எங்களக் கேக்கறாங்க. அவங்களுக்கு என்னன்னு சொல்றதுங்க?"

மேட்டூர் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். "அவங்களையும் தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றேன்.